ஸ்ட்ரோலரா, டிராவல் சிஸ்டமா? உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கடையின் டைல்ஸ் தரையில் எல்லா ஸ்ட்ரோலரும் நன்றாகத்தான் ஓடும். அதை வீட்டு வாசலில் இறக்கி, கேட்டுக்கு வெளியே இருக்கும் செங்குத்தான சாய்தளத்தைத் தாண்டி, வடிகால் மூடியின் மேல் ஏற்றி, தெருமுனை வரை தள்ளும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். ஆகவே தேர்வு கடையில் தொடங்கக் கூடாது, வீட்டில் இன்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் பிளாட்டிலோ மாடி வீட்டிலோ வாழும் குடும்பங்களை மனதில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

கடைகளில் பெயர்களைக் கலந்து சொல்வார்கள். பிராம் என்றால் கட்டில் போலத் தட்டையான படுக்கை கொண்ட வண்டி, முதல் ஆறு மாதத்துக்கானது. ஸ்ட்ரோலர் என்றால் உட்காரும் இருக்கை கொண்டது, பெரும்பாலானவற்றில் இருக்கை சாயும். டிராவல் சிஸ்டம் என்பது ஒரே அடிச்சட்டத்தின் மேல் மூன்று வகை இருக்கைகளை மாற்றி மாட்டும் ஏற்பாடு: பச்சிளம் குழந்தை படுக்க கேரிகாட், காரிலிருந்து அப்படியே எடுத்து மாட்டும் கார் சீட், பிறகு உட்கார ஸ்ட்ரோலர் இருக்கை. இந்தியாவில் டிராவல் சிஸ்டம் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் கேரிகாட் இருக்காது. கார் சீட்டும் சாயும் இருக்கையும் மட்டுமே வரும். பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதில் பயணம் செய்கிறீர்கள்?

மற்ற எல்லா முடிவுகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. சொந்தக் கார் இருந்து, வாரத்தில் சில நாளாவது குழந்தையோடு காரில் போவீர்கள் என்றால் டிராவல் சிஸ்டத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் காரிலிருந்து மருத்துவமனைக்குள் கொண்டுபோகலாம் என்பதுதான் அதன் ஒரே பெரிய பயன்.

கார் இல்லை, ஆட்டோவும் டாக்ஸியும்தான் என்றால் டிராவல் சிஸ்டம் வேண்டாம். அடிச்சட்டம் மட்டுமே 7 முதல் 10 கிலோ இருக்கும், கார் சீட் இன்னும் 3.5 முதல் 5 கிலோ. இரண்டையும் குழந்தையையும் டயப்பர் பையையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற முடியாது. முழுக்கச் சாயும், ஒரே கையால் மடியும், 6 முதல் 8 கிலோவுக்குள் இருக்கும் ஸ்ட்ரோலர் போதும். ஆட்டோவில் கால் வைக்கும் இடத்தில் அது நிற்க வேண்டும். பயணத்தின்போது குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டும் பேபி கேரியர் ஒன்றும் சேர்ந்தால் நடப்பதற்கும் ஏறி இறங்குவதற்கும் வசதி. ஆனால் விபத்தில் அது கார் சீட்டுக்கு ஈடாகாது.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்கு எடைதான் எல்லாம். சிசேரியன் முடிந்த தாய் முதல் ஆறு வாரம் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். 12 கிலோ வண்டியைப் படியில் இறக்கப்போவது யார் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர் மூட்டுவலி உள்ள பாட்டி மட்டும்தான் என்றால், வண்டியைத் தரைத்தளத்தில் பூட்டி வைக்க இடம் கிடைக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் இலகுவானதை வாங்குங்கள்.

இரண்டாம் படி: எப்போது வாங்குவது?

நம் வீடுகளில் முதல் சில வாரங்கள் குழந்தையை வெளியே எடுத்துச் செல்வது குறைவு. பிரசவம் முடிந்து அம்மா வீட்டில் மூன்று மாதம் இருப்பதும் வழக்கம். வீட்டுக்குள் தூளியோ தொட்டிலோ இருக்கிறது. அதனால் ஸ்ட்ரோலருக்கு அவசரமில்லை, மூன்றாம் மாதத்தில் வாங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது. பார்க்கப்போனால், தாய்வீட்டுத் தெருவுக்குப் பொருந்தும் வண்டி நீங்கள் வாழும் பிளாட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கார் சீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குழந்தையின் முதல் பயணமே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு, பெரும்பாலும் காரில். அன்றைக்கே அது தேவை. பிறக்கும் முன் குழந்தைக்குப் பொருள் வாங்கி வைப்பது ஆகாது என்று பெரியவர்கள் சொல்லும் வீடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. எட்டாம் மாதத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்து, கடையின் டெமோ சீட்டை உங்கள் காரில் மாட்டிப் பார்த்துவிட்டு, பணத்தை மட்டும் எடுத்து வையுங்கள். குழந்தை பிறந்த அன்று குடும்பத்தில் ஒருவர் போய் வாங்கி வந்து காரில் மாட்டட்டும். டிஸ்சார்ஜ் ஆக எப்படியும் இரண்டு மூன்று நாளாகும். மாட்டிப் பழகிய ஒருவர் இருப்பதுதான் முக்கியம், டிஸ்சார்ஜ் நேரத்துப் பரபரப்பில் பெட்டியைப் பிரித்துக் குறிப்பேட்டைப் படிக்கும் நிலை வரக் கூடாது.

மூன்றாம் படி: அளந்து எழுதுங்கள்

ஐந்து அளவுகள் போதும். வீட்டு வாசற்கதவின் அகலம், லிஃப்ட் கதவின் அகலமும் உள் ஆழமும், கார் டிக்கியின் நீளம் அகலம் உயரம், வீட்டில் வண்டியை நிறுத்தப்போகும் மூலையின் அளவு, வழக்கமாக நடக்கும் நடைபாதையின் குறுகலான இடம்.

ஸ்ட்ரோலர்களின் அகலம் பொதுவாக 45 முதல் 65 செ.மீ. பழைய அபார்ட்மென்ட்களின் சிறிய லிஃப்ட் கதவு 70 செ.மீ. அளவில்தான் இருக்கும். 62 செ.மீ. வண்டி உள்ளே போகும், ஆனால் நீங்களும் அதனோடு உள்ளே நிற்க முடியுமா என்பதை ஆழம்தான் சொல்லும். நடைபாதையின் நுழைவில் பைக் ஏறாமலிருக்க நட்ட தூண்களுக்கு இடையேயான இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், பல வண்டிகள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

டிக்கியை அளக்கும்போது சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் சிலிண்டருக்குப் பிறகு மிஞ்சும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிறிய ஹேட்ச்பேக்கில் அது பெரும்பாலும் ஒரு பள்ளிப் பை அளவுதான். மடித்தால் ஏறக்குறைய 55 × 45 × 25 செ.மீ. அளவுக்குச் சுருங்கும் வண்டிகள் இருக்கின்றன, இந்த வகைக் கார்களுக்கு அவைதான் சரி. மடித்த அளவைப் பெட்டியில் அச்சிட்டதை வைத்து நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் சக்கரத்தைக் கழற்றிய பிறகு உள்ள அளவைப் போட்டிருப்பார்கள்.

நான்காம் படி: கார் சீட்டை முதலில் தேர்ந்தெடுங்கள்

டிராவல் சிஸ்டம் வாங்குகிறவர்கள் பலரும் வண்டியின் நிறத்தையும் கூரையையும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, கூட வரும் கார் சீட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றுவது கார் சீட், வண்டி வசதிக்கானது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கார் சட்டென மோதி நின்றால், மடியில் வைத்திருக்கும் 4 கிலோ குழந்தையை எவ்வளவு வலுவான கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

சான்று இருக்கிறதா என்பதை சீட்டின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் பாருங்கள். ஐரோப்பியச் சான்று பெற்றதில் ஆரஞ்சு நிற லேபிளும், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பக்கத்தில் ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற விதி எண் அச்சாகியிருக்கும். இந்தியத் தரநிலையின் பெயர் ஏ.ஐ.எஸ். 072. இவற்றில் எதுவும் இல்லாமல் ‘கேரிகாட் கம் ராக்கர் கம் கார் சீட்’ என்று மூன்று வேலைக்கு ஒரே பொருளாக விற்கும் பிளாஸ்டிக் கூடைகளைக் காரில் வைக்கவே கூடாது. அவை வீட்டில் ஆட்டுவதற்கு மட்டுமே.

ஆர்44 விதியில் பிறந்த குழந்தைக்கான பிரிவு 0+, அதாவது 13 கிலோ வரை. புதிய ஆர்129 விதி எடைக்குப் பதில் உயரத்தைக் கணக்கில் எடுக்கிறது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் உண்டு, 15 மாதம் வரை குழந்தை பின்நோக்கித்தான் உட்கார வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் ஆர்129-ஐ எடுங்கள். பின்நோக்கி என்பதற்குக் காரணம் எளிது: குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகக் கனம், கழுத்து மிக மெலிது. மோதும்போது முன்னே பாயும் விசையைப் பின்நோக்கிய சீட்டின் முதுகுப்பகுதி முழுவதும் தாங்கிக்கொள்ளும்.

அடுத்து உங்கள் காரைப் பாருங்கள். பின்சீட்டில் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டால், பெல்ட் இல்லாமலே கார் சீட்டைக் காரோடு பூட்ட உதவும் ஐசோஃபிக்ஸ் உலோக வளையங்கள் தட்டுப்படுகின்றனவா? இருந்தால் அவற்றில் மாட்டும் அடித்தட்டு (ஐசோஃபிக்ஸ் பேஸ்) கொண்ட சீட் வாங்குவது நல்லது, தப்பாக மாட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இல்லையென்றால் பெல்ட்டால் மாட்டலாம், அதுவும் பாதுகாப்பானதே. ஆனால் பெல்ட் நீளம் போதுமா என்று காரில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சில சிறிய கார்களில் பின்சீட்டு பெல்ட் ஒரு சாண் குறைவாக இருந்து கொக்கி எட்டாது. பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அங்கே மாட்ட வேண்டாம்.

பெல்ட்டால் மாட்டும் ஐரோப்பிய வகை சீட்டுக்கு வரிசை இது. எப்போதும் அந்த சீட்டின் குறிப்பேடு சொல்வதற்கே முதலிடம்.

1. சீட்டைப் பின்சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி வையுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்நோக்கிய சீட்டை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இறங்கும்.
2. பெல்ட்டின் இடுப்புப் பகுதியைக் குழந்தையின் கால்பக்கத்தில் இருபுறமும் உள்ள நீல நிற வழிகளில் செலுத்திக் கொக்கியில் பூட்டுங்கள்.
3. தோள் பகுதியை சீட்டின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, அங்கே உள்ள நீல வழிக்குள் விடுங்கள்.
4. சீட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டே பெல்ட்டின் தளர்வை முழுவதும் இழுங்கள்.
5. பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும்.
6. சாய்வைப் பாருங்கள். குழந்தையின் மோவாய் நெஞ்சில் படியக் கூடாது. படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும்.
7. கைப்பிடி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் படம் போட்டிருக்கும், அதே நிலையில் பூட்டுங்கள்.

குழந்தையை உட்காரவைப்பதில் நம் ஊருக்கே உரிய சில தவறுகள் உண்டு. மருத்துவமனையில் குழந்தையைத் துண்டில் இறுக்கிச் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படியே சீட்டில் வைத்தால் கால்களுக்கு நடுவே வரவேண்டிய பட்டையைப் பூட்ட முடியாது, பலர் அதை விட்டுவிட்டுத் தோளில் வரும் பட்டையை மட்டும் மாட்டுகிறார்கள். துண்டைப் பிரித்துவிட்டு, சாதாரண உடுப்போடு உட்காரவைத்து, எல்லாப் பட்டைகளையும் பூட்டிய பிறகு துண்டை மேலே போர்த்துங்கள். தோளில் வரும் பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். தோள் எலும்புக்கு மேல் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். பட்டை மடிந்து விரலில் சிக்கினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் கயிறோ சங்கிலியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். அரைஞாணில் கோத்த தாயத்தோ காசோ இடுப்புப் பட்டைக்கு அடியில் அழுந்தாதபடி பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தட்டையாகப் படுக்க இடம்

உதவியின்றி உட்காரும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, குழந்தை வண்டியில் மல்லாந்து தட்டையாகப் படுக்க வேண்டும். கேரிகாட் அதற்கென்றே செய்யப்பட்டது. இல்லாவிட்டால் ஏறக்குறைய 170 பாகைக்கு மேல் சாயும் இருக்கை வேண்டும். வெறும் ‘மல்டி ரிக்ளைன்’ (பல நிலைகளில் சாயும்) என்று பெட்டியில் இருந்தால் போதாது.

கடையில் முழுக்கச் சாய்த்துவிட்டு, முதுகும் இருக்கையும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். பட்டை இழுத்துச் சாய்க்கும் வகைகளில் அந்த இடம் பள்ளமாகி, குழந்தையின் முதுகு வளைந்து போகும். அது பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. தலைப்பக்கத்தில் துணிச்சுவர் முழுதாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்த்ததும் தலைப்பக்கம் திறந்துகொள்ளும் மாடல்களில் குழந்தை நகர்ந்து வெளியே வர வழி இருக்கிறது.

கார் சீட்டை வண்டியில் மாட்டும் வசதி இருப்பதால் அதிலேயே நாள் முழுவதும் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்கக் கூடாது. கார் சீட், ஸ்ட்ரோலர் போன்ற உட்காரும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், முக்கியமாக நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு, என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொல்கிறது. மருத்துவமனையிலோ கடையிலோ வேலை முடிந்து வீடு வந்ததும் குழந்தையை எடுத்துத் தட்டையான படுக்கையில் போடுங்கள், தூங்கினாலும் சரி. நீண்ட கார்ப் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காரை நிறுத்திக் குழந்தையைத் தூக்குங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் இன்னும் அடிக்கடி.

ஆறாம் படி: சக்கரம், பிரேக், கைப்பிடி

தமிழ்நாட்டில் ஸ்ட்ரோலர் மூலையில் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சக்கரம்தான். ஒரு சக்கரம் தன் ஆரத்தைவிட உயரமான மேட்டில் தள்ளினால் ஏறாது. நடைமுறையில் ஆரத்தில் பாதி உயரம் வந்தாலே முட்டி நிற்கும். 13 செ.மீ. விட்டமுள்ள சின்னச் சக்கரத்துக்கு 3 செ.மீ. மேடே தடைதான். ஒழுங்காகப் பூசாத வடிகால் மூடியின் விளிம்பு அவ்வளவு இருக்கும். நடைபாதை அதிகபட்சம் 15 செ.மீ. உயரமும் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. நம் தெருக்கள் பலவற்றில் நடைபாதை அதைத் தாண்டிய உயரம், நடுவில் மின்பெட்டியும் மரமும் வேறு.

தெருவில் தினமும் தள்ளுவீர்கள் என்றால் பின்சக்கரம் 20 செ.மீ.க்கு மேல், முன்சக்கரம் 16 செ.மீ.க்கு மேல் இருப்பதைப் பாருங்கள். அபார்ட்மென்ட் வளாகம், மால், மெட்ரோ என்று சமதளத்தில் மட்டும் என்றால் சின்னச் சக்கரம் போதும், எடையும் குறையும். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைவளாகம் போன்ற இடங்களில் எந்த வண்டியும் ஓடும், அங்கே தள்ளிப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. காற்று நிரப்பும் டயர் மென்மையாக ஓடும், ஆனால் நம் ஊரில் பஞ்சர் நிச்சயம். அந்த அளவு டியூப் சைக்கிள் கடையில் எப்போதும் கிடைக்காது. ரப்பர் பூச்சு கொண்ட ஃபோம் சக்கரமே நமக்குச் சரியான நடுவழி. கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் வேண்டாம், அதிர்வு முழுவதும் குழந்தைக்குப் போகும். முன்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள மாடலில் அந்த இரண்டுக்கும் நடுவே கல் சிக்கி நின்றுவிடும். ஒற்றைச் சக்கரமாக இருந்தால், வடிகால் மூடியின் நீள இடுக்கில் இறங்காத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். முன்சக்கரம் சுழலாமல் நேராகப் பூட்டும் வசதி கரடுமுரடான சாலையில் மிகவும் உதவும்.

பிரேக்கைச் செருப்புக் காலோடு சோதியுங்கள். சில மாடல்களில் பிரேக்கை விடுவிக்கக் கால் விரலால் மிதியை மேலே தூக்க வேண்டும். ஷூ போட்டவருக்கு அது சுலபம், செருப்பு போட்டவருக்கு விரல் நகம் பெயரும். வலி தெரிந்ததும் பிரேக் போடும் பழக்கமே போய்விடும், அதுதான் ஆபத்து. அழுத்தினால் பூட்டி, மறுபடி அழுத்தினால் விடும் மிதியைத் தேடுங்கள். ஒரே மிதி இரு பின்சக்கரத்தையும் பூட்ட வேண்டும்.

கைப்பிடி தள்ளுபவரின் தொப்புள் உயரத்துக்கு அருகில் இருப்பது நல்லது. கணவனும் மனைவியும் உயரத்தில் வெகுவாக வேறுபட்டால் உயரம் மாற்றும் கைப்பிடிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். புடவையோடு தள்ளும் அம்மாவும் பாட்டியும் நீண்ட அடி வைத்து நடந்து பார்க்க வேண்டும். பின் அச்சில் கால் இடிக்கிறதா, கொசுவம் சக்கரத்தில் உரசுகிறதா என்று அப்போதுதான் தெரியும். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டே தள்ள வேண்டும்.

உட்காரும் உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. தரையிலிருந்து 55 முதல் 85 செ.மீ. உயரத்தில் வண்டியில் இருக்கும் குழந்தைகள், போக்குவரத்து நிறைந்த சாலையில் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதல் மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினார்கள். வாகனங்களின் புகைக்குழாய்க்கு அருகில் உள்ள உயரம் அது. அண்ணா சாலை போன்ற சாலையோரம் அடிக்கடி நடப்பவர்கள் இருக்கை உயரமாக உள்ள வண்டியைத் தேர்ந்தெடுப்பதும், உள் தெரு வழியாகச் சுற்றிப் போவதும் நல்லது.

ஏழாம் படி: அரிசிப் பையோடு கடைக்குப் போங்கள்

5 கிலோ அரிசிப் பை ஒன்றும், கொஞ்சம் பொறுமையும் போதும். வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.

பையை இருக்கையில் வைத்துப் பட்டைகளைப் பூட்டுங்கள். ஐந்து முனைப் பட்டை, அதாவது இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று, இருந்தே ஆக வேண்டும். நடுப்பட்டை இல்லாவிட்டால் குழந்தை கீழே சறுக்கிக் கழுத்து மாட்டிக்கொள்ளும். ஒரே கையால் தள்ளி எட்டுப் போடுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் சட்டம் கோணியிருக்கிறது. கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். சட்டம் நெளிந்து சத்தம் போட்டால் தெருவில் தாங்காது. கடை பேஸ்மென்ட் சாய்தளத்தில் பிரேக் போட்டு மெல்லத் தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளவே கூடாது. கைப்பிடியில் 3 கிலோ பையைத் தொங்கவிட்டு இருக்கையிலிருந்து அரிசியை எடுத்தால் பல வண்டிகள் பின்னால் கவிழ்வதை நேரிலேயே பார்க்கலாம். அதனால்தான் சாமானை அடியிலுள்ள கூடையில் வைக்கச் சொல்கிறார்கள். கூடையின் எடை வரம்பு பொதுவாக 3 முதல் 5 கிலோ.

இனி பையை எடுத்துவிட்டு மடியுங்கள். ஒரு கையில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் மடிக்க முடிகிறதா? மடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்கிறதா? விரிக்கும்போது ‘கிளிக்’ என்று இரண்டு பூட்டுகள் விழ வேண்டும், ஒன்று தவறினாலும் மற்றது சட்டத்தைத் தாங்கும். மடிப்பு மூட்டில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது, அல்லது அதற்கு உறை இருக்க வேண்டும். அமெரிக்காவில் 12 குழந்தைகளின் விரல் நுனி மடிப்பு மூட்டில் சிக்கித் துண்டான புகாருக்குப் பிறகு, 2009-இல் ஏறக்குறைய 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு மூட்டு உறை கொடுக்க வேண்டிவந்தது. உறை இருந்தாலும், குழந்தையைத் தள்ளி நிறுத்திய பிறகே மடிக்கவும் விரிக்கவும் வேண்டும்.

கார் சீட்டும் அடிச்சட்டமும் வேறு வேறு நிறுவனம் என்றால் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் வேண்டும். அந்த இரண்டு மாடல்களுக்கும் என்றே நிறுவனம் சொல்லும் அடாப்டரை மட்டும் வாங்குங்கள். இருபுறமும் கிளிக் கேட்ட பிறகு சீட்டை மேலே இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தாலும் பார்வைக்குச் சரியாகவே தெரியும்.

விலை ஏறக்குறைய இப்படி இருக்கும்: சாதாரண ஸ்ட்ரோலர் 4,000 ரூபாய் சுற்றில் தொடங்கும், தட்டையாகச் சாய்ந்து நல்ல சக்கரமும் உள்ளது 8,000 முதல் 15,000, கார் சீட்டோடு டிராவல் சிஸ்டம் 15,000 முதல் 40,000, இறக்குமதி மாடல்கள் அதற்கும் பல மடங்கு மேல். கையில் 20,000 ரூபாய் இருந்தால் அதே விலைக்கு ஒரு டிராவல் சிஸ்டம் வாங்குவதைவிட, சான்று பெற்ற கார் சீட்டைத் தனியாகவும் இலகுவான ஸ்ட்ரோலரைத் தனியாகவும் வாங்குவதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். பில் போடும் முன் உதிரிச் சக்கரமும் பட்டைக் கொக்கியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் உடைவது அந்த இரண்டும்தான்.

எட்டாம் படி: வெயில், கொசு, மழை

வெயில் படாமலிருக்க வண்டிக் கூரையின் மேல் துணி போர்த்துவது நம்மிடம் வெகு சாதாரணம். அது ஆபத்தானது. 2014-இல் சுவீடன் நாளிதழ் ஒன்று செய்த சோதனையில் 22 டிகிரியாக இருந்த வண்டியின் உள்வெப்பம், மெல்லிய துணி போர்த்திய அரை மணி நேரத்தில் 34 ஆனது, ஒரு மணி நேரத்தில் 37. சுவீடன் வெயிலிலேயே அப்படி. காற்று உள்ளே சுழல வழியில்லாததுதான் காரணம், குழந்தையின் முகமும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சிட்னி பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் காய்ந்த மஸ்லின் (மெல்லிய பருத்தி) துணி வெப்பத்தை ஏற்றியது, ஈரத் துணியோடு சின்ன மின்விசிறியும் சேர்ந்தபோது வெப்பம் இறங்கியது. சென்னையின் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது என்பதால் இங்கே அதையும் முழுதாக நம்ப வேண்டாம். கீழே நன்றாக இறங்கும், மேலே வலைச் சன்னல் உள்ள கூரையைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புத் துணியைத் தவிருங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை வெளியே தள்ளாதீர்கள். வெயிலில் நின்ற காரிலும் வண்டியிலும் கொக்கியின் உலோகம் சுட்டெரிக்கும், உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே பூட்டுங்கள்.

கொசுவலை அந்த மாடலுக்கே தைத்ததாக, விளிம்பில் எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். கூரையின் சன்னலை மூட மறந்தால் வலை இருந்தும் பயனில்லை. மழை உறை மழை நின்றதும் கழற்ற வேண்டியது. பிளாஸ்டிக் உறையோடு கடைக்குள்ளோ பேருந்து நிழற்குடையிலோ நிறுத்தி வைத்தால் உள்ளே புழுங்கும்.

ஒன்பதாம் படி: தெருவில் ஓட்டும் முறை

மேட்டில் ஏற, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தை மேலே வைத்து, பிறகு பின்சக்கரத்தைத் தூக்கித் தள்ளுங்கள். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, நீங்கள் முதலில் இறங்கிப் பின்சக்கரத்தை முதலில் இறக்குங்கள். முன்னோக்கி இறக்கினால் குழந்தை பட்டையில் தொங்கும். மெட்ரோ ரயிலிலிருந்து வெளியே வரவும் இதே முறைதான், பெரிய சக்கரம் இடைவெளியை எளிதாகத் தாண்டும். எஸ்கலேட்டரில் ஒருபோதும் ஏற்றாதீர்கள், எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போது வண்டி உங்களுக்கு முன்னால் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, ஓர் அடி பின்வாங்கி நில்லுங்கள். சரிவில் கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் தள்ள முயல வேண்டாம், முன்சக்கரம் புதைந்து வண்டி முன்னால் கவிழும்.

பழையது வாங்கினால்

உறவினர் கொடுக்கும் ஸ்ட்ரோலரைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். பிரேக், இரண்டு பூட்டு, பட்டைக் கொக்கி, சக்கர அச்சு நான்கையும் அரிசிப் பை வைத்துச் சோதித்தால் போதும். கார் சீட்டை மட்டும், விபத்தில் சிக்கவில்லை என்று கொடுப்பவரை நூறு சதவீதம் நம்ப முடிந்தால் தவிர வாங்காதீர்கள். மோதலில் உள்ளே விழும் விரிசல் வெளியே தெரியாது. தயாரித்த தேதியும், பல மாடல்களில் காலாவதித் தேதியும் அடியில் பதிந்திருக்கும். லேபிளோ குறிப்பேடோ இல்லாததை விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

கடலோர ஊர்களில் உப்புக் காற்று திருகாணிகளையும் ஸ்பிரிங்கையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் எடுத்து, ஈரத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். சத்தம் வந்தால் சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும், பிறகு புழுதியைப் பிடித்துச் சேறாகி இன்னும் இறுகும். மழைக்காலத்தில் நனைந்த துணியை மடித்து மூலையில் வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை படரும், விரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். கார் சீட் பட்டைகளைச் சோப்புத் தூளிலோ பிளீச்சிலோ ஊறவைக்கக் கூடாது, நூலின் வலு குறையும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

குழந்தை வளர வளர மாதம் ஒரு முறை தோளில் வரும் பட்டைகளின் உயரத்தைச் சரிபாருங்கள். குழந்தை தானாகக் கை ஊன்றி எழ ஆரம்பித்த அன்றே கேரிகாட்டின் காலம் முடிந்தது. இருக்கையைத் தள்ளுபவரைப் பார்க்கும்படி மாட்டும் வசதி இருந்தால் முதல் ஓராண்டு அப்படியே வைத்திருங்கள். கார் சீட்டில் தலையின் உச்சி சீட்டின் மேல்விளிம்பை எட்டினால், எடை வரம்பு மிச்சமிருந்தாலும், அடுத்த அளவுக்கு மாற வேண்டும். அந்த அடுத்த சீட்டையும் பின்நோக்கி மாட்டக்கூடியதாகவே வாங்குங்கள்.